லாரிக்கு ஈரப்பதம் பத்தொன்பது

காலை ஆறு மணிக்கு ஊரில் எத்தனையோ நல்ல காரியங்கள் நடக்கின்றன. கோயில் மணி அடிக்கிறது, பால்காரர் வருகிறார். ஒரத்தநாட்டு வீரையனுக்கு மட்டும் ஆறு மணி என்றால் டீசல் விலை மாறுகிற நேரம். பல் துலக்குவதற்கு முன்னாலேயே பங்க் வாசலில் போய் நின்று போர்டைப் பார்ப்பார். முப்பது காசு ஏறியிருந்தால் "சரி, போ" என்பார். அறுபது காசு ஏறியிருந்தால் நேரே வீட்டுக்கு வந்து, மனைவி செவ்வந்தியிடம் காபி வேண்டாம் என்பார். இறங்கியிருந்தால் என்ன சொல்லுவார் என்று கேட்கிறீர்களா? அப்படி ஒரு நாள் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பதினாலு வருஷம் யார் யாருடைய லாரியையோ ஓட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்தமாக வாங்கிய ஆறு சக்கர லாரி அவருடையது. நெற்றியில் மகள் பெயர்: தமிழ்நிலா டிரான்ஸ்போர்ட். டிரான்ஸ்போர்ட் என்றால் மொத்தம் ஒரு லாரி, ஒரு டிரைவர், அந்த டிரைவரே முதலாளி. நெல் மூட்டை ஏற்றி அரவை ஆலையில் இறக்குவது தொழில். முன்பெல்லாம் திருவாரூருக்கு ஒரு நடை போய் வந்தால் முதலாளி வீரையனுக்கு நாலு காசு மிஞ்சும். இப்போது டிரைவர் வீரையனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுக்கக்கூட முதலாளி வீரையனால் முடியவில்லை. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பேசாம வித்துடுங்க" என்றாள் செவ்வந்தி. "முப்பத்தொண்ணாம் தேதியோட எஃப்.சி. முடியுது. அதுக்கு அப்புறம் காயலான் கடைக்காரன்தான் வருவான். கேஸ் கட்டரைத் தூக்கிட்டு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் வீரையன் எழுந்து வாசலுக்குப் போய் லாரியைப் பார்த்தார். மறுபடி தகுதிச் சான்று வாங்க வேண்டுமானால் டயர், பெயிண்ட், பிரேக் என்று செய்கிற செலவு லாரியின் விலையைத் தாண்டிவிடும். செய்யாவிட்டால் வண்டியை வெட்டிக் கிலோ கணக்கில் போடுவார்கள். மகள் பெயரை நடுவில் வெட்டுவார்கள். விற்பது என்று முடிவு செய்த பிறகு அவருக்கு ஒரே ஆசைதான்: வண்டி யாரிடம் போனாலும் சரி, முழுசாகப் போக வேண்டும்.

விற்கலாம் என்றால் வாங்க ஆள் வேண்டுமே! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியைக் கேட்டு ஆட்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது வருகிறவன் இன்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை, டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறான். "லிட்டருக்கு என்ன குடுக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவன்போல "வர்றேங்க" என்று சொல்லாமல் போகிறான். ஒருத்தன் நாலு டயரை மட்டும் விலை கேட்டான். வீரையன் அவனை அடிக்காமல் விட்டது அவருடைய நல்ல குணம்.

கடைசியில் ஆண்டவனே அனுப்பியதுபோல வந்தவர் அதிராம்பட்டினத்துக் கொப்பரை வியாபாரி அன்சார். கொப்பரை காயும் களத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை சின்ன ஓட்டம்தான் அவருக்கு. டீசல் பெரிதாகக் கடிக்காது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர், "வீரையண்ணே, வண்டிய பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கீங்க. அஞ்சரை லட்சம். பேரம் பேசல" என்றார்.

"எடுத்துக்கங்க பாய்."

"ஒண்ணே ஒண்ணு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பேர் மாத்திடணும். இல்லேன்னா பட்டுக்கோட்டைல ஒரு சின்ன வண்டி சொல்லி வச்சிருக்கேன், அதை எடுத்துருவேன். தாக்க ஆபீஸ் சான்று மட்டும் வாங்கிட்டு வந்துருங்க."

மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு காகிதம் வாங்க முடியாதா என்று வீரையன் நினைத்தார். பாவம், வெள்ளந்தி மனுஷர்.

தாக்க ஆபீஸ் என்று ஜனங்கள் சுருக்கிச் சொல்கிற அந்த இடத்தின் முழுப்பெயர், எரிபொருள் விலையேற்றத் தாக்க மறுமதிப்பு அலுவலகம். டீசல் ஏற ஏற லாரியின் மறுவிற்பனை விலை இறங்குகிறது, இதில் பாவப்பட்ட லாரிக்காரர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று யாரோ ஒரு நல்லவருக்கு மனசு இளகியதில் பிறந்தது. அன்றைய டீசல் விலைக்கு இந்த லாரி இவ்வளவு பெறும் என்று அவர்கள் சான்று கொடுத்தால்தான் பெயர் மாற்ற முடியும். புது ஆபீசுக்குப் புது ஆட்கள் போடவில்லை. நெல் வராத மாதங்களில் சும்மா இருக்கிறார்களே என்று நெல் கொள்முதல் ஆட்களையே பிடித்துப் போட்டார்கள். அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஈரப்பதம் பார்க்கும் மிஷின், மூட்டையில் குத்திச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி, தராசு, பழைய படிவங்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் ஒரு பழைய குடோனில் ஆபீஸ் நடந்தது. படிவத்தை நிரப்பியவள் ஜீவிதா என்ற கிளார்க்.

"ரகம் சொல்லுங்கண்ணே. சன்ன ரகமா, மோட்டா ரகமா?"

"லாரிம்மா."

"தெரியுதுண்ணே. படிவத்துல ரெண்டுதான் இருக்கு."

வீரையன் தன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "மோட்டான்னே போட்டுக்கம்மா" என்றார்.

அலுவலர் காயாரோகணம் வெளியே வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், முப்பது வருஷ சர்வீஸ், வெற்றிலைச் சிவப்பு வாய். லாரியின் பக்கவாட்டுத் துருவைக் கையால் தடவி, நெல்லில் பதர் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்து, "கருக்காய் எட்டு சதவீதம்" என்றார். ஜீவிதா எழுதிக்கொண்டாள். டிரைவர் சீட்டுக்குள் குத்தூசியைக் குத்தி இழுத்தார். ஒரு பிடி தேங்காய் நார் வந்தது. அதைக் கவரில் போட்டு ஒட்டி, சாம்பிள் என்று எழுதி, வீரையனிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு தராசு. அது ஒரு மூட்டை நிற்கிற தராசு.

"நாப்பது நாப்பது கிலோவா கொண்டாந்து வைங்க" என்றார் அலுவலர்.

"பிரிச்சா அது லாரியா இருக்காதே சார்?"

"அது உங்க இஷ்டம். எடை இல்லாம மதிப்பு இல்ல."

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் பக்கத்து எடைமேடையில் ஏற்றலாம் என்று பெரிய மனசு பண்ணினார். மேடையில் லாரியை நிறுத்திவிட்டு வீரையன் இறங்கப் போனார். பாய்ந்து வந்து தடுத்தார் காயாரோகணம்.

"இறங்காதீங்க! மேல இருக்குறது எல்லாம் சேத்துத்தான் எடை. சாக்கோட சேத்துத்தானே நெல்லு எடை போடுறோம்? இங்க மாத்தி ஒரு சட்டம் கிடையாது. வண்டியில இருக்குறது வண்டியச் சேந்தது. சான்றுலயும் அப்படித்தான் இருக்கும், உள்ளது உள்ளபடின்னு."

"நானும் வண்டியச் சேந்ததா சார்?"

"எடைமேடையில இருக்கற வரைக்கும்."

ஆக, லாரி, ஸ்டெப்னி, தூக்குவாளி, வீரையன் ஆகிய நான்கும் சேர்த்து எடை போடப்பட்டன. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சான்று கைக்கு வந்தது. வீரையன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பேர் மாத்திடுவேன் சார்."

"நாளைக்கா? இது காலையில ஆறு மணி வரைக்கும்தான் செல்லும். ஆறு மணிக்கு டீசல் விலை மாறிடும்ல?"

"பேர் மாத்தற ஆபீஸே பத்து மணிக்குத்தானே சார் தெறக்குறாங்க?"

"அது அவங்க நேரம். அதுல நாம தலையிட முடியாது."

"அப்ப காலையிலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

காயாரோகணம் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "காலையில வந்த விலை சாயங்காலம் வரைக்கும் நிக்குதான்னு பாக்க வேணாமா? நிதானமா பாருங்கய்யா. இந்த ஆபீஸ் வந்து பதினோரு மாசம் ஆச்சு. இந்தப் பதினோரு மாசத்துல இந்த மாவட்டத்துல ஒரு லாரிக்காரர்கூட விலையில ஏமாத்தப்படல. ஒருத்தர்கூட! ஏன் தெரியுமா? ஒரு லாரிகூட விக்கல."

இதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மறுநாள் வீரையன் மறுபடி போனார். டீசல் நாற்பது காசு ஏறியிருந்தது, போக வர அதே டீசல்தான் எரிந்தது. மூன்றாம் முறை போனபோது முந்தின நாள் கோடை மழை கொட்டியிருந்தது. ஈரப்பதம் பார்க்கும் மிஷினைக் காயாரோகணம் லாரியின் பலகையில் வைத்தார்.

"பத்தொன்பது. பதினேழுக்கு மேல போனா எடுக்க மாட்டோம். காய வச்சுக் கொண்டாங்க."

"லாரியவா சார்?"

"எதைக் கேக்குறீங்க?"

அட கஷ்டகாலமே! மனுஷர் என்ன செய்வார்? நெல்லைக் காய வைக்கிற ஊர்க்காரர்தானே, அதே முறையில் செய்தார். பைபாஸ் ஓரம் நல்ல வெயிலில் லாரியை நிறுத்தி, பக்கப் பலகைகளைத் திறந்து விரித்து வைத்தார். மேகம் கூடினால் ஓடிப்போய்த் தார்ப்பாயை மூடினார். வெயில் வந்தால் ஓடிப்போய் எடுத்தார். செவ்வந்தி மதியச் சோற்றோடு பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நெல்லு மாதிரி காலால தொழாவி விடணுமா?" என்று கேட்டாள். வீரையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லைதான், ஆனாலும் யாராவது கேட்க வேண்டியிருந்தது.

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு லாரிகள் வந்து காய்ந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. தார்ப்பாய் மூடிய லாரி வரிசை, ஈரப்பதம் பார்க்கும் மிஷின், வெற்றிலை போட்ட அலுவலர் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் டெல்டாக்காரன் என்ன நினைப்பான்? கொள்முதல் திறந்துவிட்டார்கள் என்று சுற்று வட்டாரம் பூராவும் செய்தி பரவி, கோடை நெல் வைத்திருந்தவர்கள் எல்லாம் டிராக்டரில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டார்கள். ஒரே நாளில் பதினாறு அம்பாரம். பகலவன் என்ற விவசாயி ஒரு பிடி நெல்லை அள்ளிக்கொண்டு நேரே அலுவலர் மேஜைக்கு வந்தார்.

"நெல்லுக்கு இது எடம் இல்ல" என்றார் காயாரோகணம்.

"மிஷின் இருக்கே சார்?"

"மிஷின் நெல்லுக்குள்ளதுதான். ஆனா இங்க லாரிக்குத்தான் வைப்போம்."

இருந்தாலும் பழக்கதோஷம் விடுமா? கை தானாகவே நெல்லை வாங்கி மிஷினில் போட்டது. பதினாலு காட்டியது. அலுவலர் பெருமூச்சு விட்டார். "அருமையான சரக்குய்யா. இது மட்டும் லாரியா இருந்திருந்தா இப்பவே பாஸ் பண்ணியிருப்பேன்."

அம்பாரங்கள் ஆபீசை மறித்துக்கொண்டதால் ஐந்து நாள் கதவு திறக்கவில்லை. அப்புறம் சான்று கிடைத்தது, ஆறு மணிக்குச் செத்தது. மறுபடி கிடைத்தது, மறுபடி செத்தது. ஒவ்வொன்றிலும் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. அன்சார் போன் செய்தார். "அண்ணே, சான்றுல என்ன வேணா எழுதட்டும். நான் சொன்ன அஞ்சரை அஞ்சரைதான். ஆனா தேதிய மட்டும் என்னால தள்ள முடியாது. சின்ன வண்டிக்காரன் நெருக்குறான்."

"வந்துருவேன் பாய்" என்றார் வீரையன். சொல்லிவிட்டு லாரிக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். இந்த வண்டியை முழுசாக ஒருத்தர் கையில் ஒப்படைக்கக்கூடத் தனக்குத் துப்பில்லையே என்கிற அழுகை.

முப்பதாம் தேதி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. டீசல் விலை ஏறிவிட்டதால் சிக்கன நடவடிக்கை. தாக்க ஆபீசின் ஜீப்புக்கு இனி டீசல் கிடையாது. ஆபீசையே திருவாரூர் ஆபீசோடு சேர்க்க வேண்டும், நாளை மாலை மூன்று மணிக்கு மேஜை நாற்காலியோடு அங்கே ஆஜராக வேண்டும். பழைய வாடகை விகிதம்தான் கொடுப்போம் என்றதும் சாமான்களை ஏற்ற எந்த லாரிக்காரரும் வரவில்லை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த வீரையனைத்தான் காயாரோகணத்தால் பிடிக்க முடிந்தது.

"வீரையன், அரசாங்க வேலை. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லல சார். காலையில வந்துடறேன்" என்றார் வீரையன். அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதைப் பார்த்து ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள்.

முப்பத்தொண்ணாம் தேதி காலை ஏழு மணிக்குள் மூன்று பீரோ, ஆறு மேஜை, பதினோரு மாத ஃபைல், குத்தூசி, தராசு எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. லேசாகத் தூறல் போட்டிருந்தது. காயாரோகணம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எடுங்க" என்றார்.

வீரையன் எடுக்கவில்லை. பின்னால் ஏறி, சாமான்களுக்கு நடுவிலிருந்து மிஷினைத் தேடி எடுத்து, ஒரு ஃபைல் கட்டில் வைத்துப் பார்த்தார்.

"இருபத்தொண்ணு காட்டுது சார்."

"என்ன இருபத்தொண்ணு?"

"ஈரப்பதம். பதினேழுக்கு மேல ஏத்த மாட்டேன் சார். காய வச்சுக் குடுங்க."

"விளையாடுறீங்களா?"

"நானா சார்? பத்து நாளா ரோட்டோரம் லாரி காயப் போட்டவன் சார் நான்."

முப்பது வருஷமாக அலுவலரே அடுத்தவர்களுக்குச் சொன்ன நம்பர் அது. தன் சட்டத்தைத் தானே தப்பு என்று சொல்ல முடியுமா? இறங்கி, இரண்டு ஃபைல் கட்டுகளைப் பிரித்துப் பைபாஸ் ஓரத்தில் தாள் தாளாகப் பரப்பினார். ஒரு பஸ் போனது. தாள்கள் எல்லாம் எழுந்து பஸ்ஸின் பின்னால் போயின. ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மணி எட்டரை.

"வேற வழியே இல்லையாய்யா?"

"இருக்கு சார். இன்னைய தேதிக்கு எனக்குச் சான்று, இப்பவே. போற வழியில பத்து மணிக்குப் பேர் மாத்திக்கிறேன். அப்புறம் இந்த ஈரத்தை நான் கண்டுக்கல."

காயாரோகணம் வானத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கையில் பொறுக்கிய தாள்களைப் பார்த்தார். "எடைமேடைக்கு விடுங்க" என்றார்.

அங்கே ஏற்றிய சரக்கோடு லாரி மேடையில் நின்றது. இறங்கி ஏற நேரமில்லாமல் அலுவலர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கீழே நின்ற ஜீவிதா படிவத்தை வரிசையாக நிரப்பினாள்: லாரி ஒன்று, பீரோ மூன்று, மேஜை ஆறு, ஃபைல் கட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு, ஈரப்பதம் பார்க்கும் மிஷின் ஒன்று, டிரைவர் ஒருவர், அலுவலர் ஒருவர். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஜன்னல் வழியாக நீட்டினாள். காயாரோகணம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார். அவர் காலையில் போட்ட முதல் கையெழுத்து அது.

வீரையன் போனில் சொல்லியிருந்தபடி, பத்து மணிக்குப் பெயர் மாற்றும் ஆபீஸ் வாசலில் அன்சார் காத்துக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்குப் பெயர் மாறியது. பதினாலு வருஷ உழைப்பில் வாங்கிய வண்டியின் சாவியை வீரையன் இரண்டு கையாலும் கொடுத்தார். அன்சார் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

"திருவாரூருக்கு மூணு மணிக்குள்ள போகணும்" என்றார் பக்கத்து சீட்டிலிருந்து காயாரோகணம்.

அன்சார் அவரை அப்போதுதான் பார்த்தார். "நம்ம வண்டி அதிராம்பட்டினம் போவுதுங்களே."

"இதுல என் ஆபீஸ் இருக்குய்யா!"

அன்சார் சான்றை எடுத்து நிதானமாகப் படித்தார். "உள்ளது உள்ளபடி, மேல இருக்குறது எல்லாம் சேத்துன்னு போட்டிருக்கே. பீரோ, மேஜை, மிஷின்... அட, அலுவலர் ஒருவர்! இது நீங்கதானா? கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்ப சரி. கெட்டியா புடிச்சுக்கங்க சார், ஒரத்தநாடு தாண்டினா ரோடு கொஞ்சம் குலுக்கும்."

நல்ல மனுஷர் அன்சார். அலுவலரைப் பட்டுக்கோட்டையில் இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து, திருவாரூர் பஸ்ஸிலும் ஏற்றிவிட்டார். மற்ற சாமான்களைத் திருப்பிக் கொண்டுபோக டீசலுக்கு ஒதுக்கீடு இல்லாததால் அவை இன்னும் அதிராம்பட்டினத்துக் கொப்பரைக் களத்தில்தான் இருக்கின்றன. எஃப்.சி. வேலைகளை அன்சார் ஒரே வாரத்தில் முடித்து, வண்டிக்குப் புது டயரும் போட்டார். நெற்றியில் இருந்த பெயரை மட்டும் அழிக்கவில்லை. ஈரப்பதம் பார்க்கும் மிஷின் கொப்பரைக்கு ரொம்ப நன்றாக வேலை செய்வதாகக் கேள்வி.

வீரையனுக்குத்தான் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். ஒரு மாதம் கழித்துத் திருவாரூரிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. செவ்வந்தி படித்தாள்.

"'மேற்படி லாரியை ஆய்வு செய்ததில் சான்றில் கண்ட எடையில் குறைவு காணப்படுகிறது. அலுவலர் ஒருவர், எண்பத்து நாலு கிலோ, துறைக்குத் திரும்பி வந்துவிட்டது பதிவாகியுள்ளது. டிரைவர் ஒருவர், அறுபத்தெட்டு கிலோ, லாரியிலிருந்து அனுமதியின்றி இறங்கிவிட்டதாகத் தெரியவருகிறது. மூன்று தினங்களுக்குள் அவர் மறுபடி லாரியில் ஏறி, எடையைச் சரிசெய்ய வேண்டும். தவறினால் சான்று ரத்தாகும். இப்படிக்கு, காயாரோகணம்.'"

செவ்வந்தி கடிதத்தை மடித்தாள். "என்னங்க பண்ணப் போறீங்க?"

"அரசாங்க உத்தரவுடி" என்றார் வீரையன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடிதத்தைப் பார்த்து அன்சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "எனக்கும் ஒரு நல்ல டிரைவர் வேணும்ண்ணே. மாசச் சம்பளம். டீசல் என் பொறுப்பு" என்றார்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு வீரையன் கொப்பரை லோடோடு பட்டுக்கோட்டை பங்க்கில் நின்றார். டீசல் எழுபது காசு ஏறியிருந்தது. போடுகிற பையன் வழக்கமாக எல்லா லாரிக்காரர்களிடமும் சொல்வதுபோல, "அண்ணே, இன்னைக்கும் ஏறிடுச்சு" என்றான்.

"அப்படியா?" என்றார் வீரையன். போர்டைத் திரும்பிப் பார்க்காமல், எதிர்க் கடையில் ஒரு காபி சொன்னார்.